கழிவு என்னவாக மாறுகிறது? சுற்றுச்சூழல் உயிரித் தொழில்நுட்பம் பற்றிய எளிய அறிமுகம்

தூய நீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜனின் அளவு மிகக் குறைவு. 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம்தான் கரையும். மீனும் நத்தையும் நீர்ப்பூச்சியும் அந்தச் சிறிய இருப்பை நம்பியே உயிர் வாழ்கின்றன. வீடுகளிலிருந்து வெளியேறும் கழிவுநீரிலோ, அதிலுள்ள கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் தின்பதற்குப் பொதுவாக லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டியிருக்கிறது. அதாவது, ஆற்றில் கலக்கும் ஒரு லிட்டர் கழிவுநீர் குறைந்தது 25 லிட்டர் தூய நீரில் உள்ள ஆக்சிஜன் முழுவதையும் தீர்த்துவிட வல்லது. ஆற்றில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கும்போது நஞ்சு கலந்திருக்கும் என்றே நாம் முதலில் நினைக்கிறோம். ஆனால் பல நேரங்களில் அவை மூச்சுத் திணறியே இறந்திருக்கின்றன.

நுண்ணுயிர்களுக்கு வேண்டிய இந்த ஆக்சிஜன் அளவை 'உயிர்வேதி ஆக்சிஜன் தேவை' என்றும், சுருக்கமாக பி.ஓ.டி. என்றும் சொல்கின்றனர். நீர் மாதிரியைப் புட்டியில் அடைத்து, பாசிகள் ஒளியைக் கொண்டு புதிதாக ஆக்சிஜன் உண்டாக்காதபடி இருட்டில் ஐந்து நாள் வைத்து, தொடக்கத்திலும் முடிவிலும் கரைந்துள்ள ஆக்சிஜனை அளந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து இது தெரிந்துவிடும். பிரிட்டனில் கழிவுநீர் அகற்றலை ஆராய்ந்த அரச ஆணையம் 1912இல் வெளியிட்ட தன் எட்டாவது அறிக்கையில், ஆற்றில் விடப்படும் நீருக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்ற வரம்பைப் பரிந்துரைத்தது. நீர் எவ்வளவு அழுக்காக இருக்கிறது என்பதை வேதிப்பொருளைக் கொண்டு அளக்காமல், அதைத் தின்னப்போகும் உயிர்களையே அளவுகோலாகக் கொண்ட முறை இது.

ஆற்றிலும் மண்ணிலும் எப்படியும் நடந்துகொண்டிருக்கும் இந்தத் தின்னும் வேலையை, நாம் வேண்டும் இடத்தில், வேண்டும் வேகத்தில், வேண்டும் முடிவுக்குக் கொண்டுசெல்லும் துறையே சுற்றுச்சூழல் உயிரித் தொழில்நுட்பம். 'அழுக்கைத் தின்னும் பாக்டீரியா' என்ற சொல் செய்திகளில் வரும்போது, தின்றதும் அழுக்கு இல்லாமல் போய்விடுகிறது என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் எழுவது இயல்பு. ஆனால் எந்தப் பொருளும் இல்லாமல் போவதில்லை. அது வாயுவாக மேலே போகிறது, அல்லது நீரில் கரைந்த வேறொரு பொருளாகிறது, அல்லது தின்ற நுண்ணுயிரின் உடலாகவே அங்கே தங்கிவிடுகிறது. இந்த மூன்றில் எது எவ்வளவு என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால், இத்துறையின் ஆய்வுகளில் பெரும்பாலானவற்றைப் புதியவர் ஒருவரும் பின்தொடர முடியும்.

நுண்ணுயிரின் வரவும் செலவும்

ஒரு பாக்டீரியா உணவை இரண்டு காரியங்களுக்காக எடுத்துக்கொள்கிறது. ஒரு பகுதியை எரித்து ஆற்றல் பெறுகிறது. மறுபகுதியைக் கொண்டு தன் உடலைக் கட்டி இரண்டாகப் பிரிகிறது. எரிப்பது என்றால், உணவிலிருந்து எலக்ட்ரான்களை எடுத்து வேறொரு பொருளிடம் ஒப்படைப்பது என்று பொருள். நாம் அவற்றை ஆக்சிஜனிடம் மட்டுமே ஒப்படைக்க முடியும் என்பதால்தான் சில நிமிடங்கள்கூட மூச்சை அடக்கத் தவிக்கிறோம். நுண்ணுயிர் உலகில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரேட்டிடம் எலக்ட்ரான்களை ஒப்படைக்கும் உயிர்கள் தலையெடுக்கின்றன. அதுவும் தீர்ந்தால் இரும்பு, சல்ஃபேட் ஆகியவற்றைப் பயன்படுத்துவோரும், கடைசியில் கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு மீத்தேன் உண்டாக்குவோரும் இடத்தைப் பிடிக்கின்றனர். இந்த வரிசையில் கீழே போகப்போகக் கிடைக்கும் ஆற்றல் குறையும், வளர்ச்சியும் மெதுவாகும்.

கழிவுநீர்த் தொட்டியில் ஆயிரக்கணக்கான வகை நுண்ணுயிர்கள் கலந்து வாழ்கின்றன. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை நீக்குவது நடைமுறையில் இயலாத காரியம். பொறியாளர் செய்யக்கூடியது சூழலை அமைப்பதுதான். காற்றை ஊதுவதா நிறுத்துவதா, வெப்பநிலை எவ்வளவு, உணவு சீராக வருமா விட்டுவிட்டு வருமா, ஓர் உயிர் தொட்டியில் எத்தனை நாள் தங்க அனுமதிக்கப்படும் என்ற சில விசைகள் மட்டுமே அவர் கையில் இருக்கின்றன. அவற்றைத் திருப்பினால், அந்தச் சூழலில் வெல்லக்கூடிய உயிர் தானாகப் பெருகும். மரபணு மாற்றிய அதிசய பாக்டீரியா ஒன்று எங்கோ உருவாகிக்கொண்டிருப்பதாகப் பொதுவெளியில் ஒரு படிமம் உண்டு. இத்துறையின் பெரிய வெற்றிகள் அனேகமாக எல்லாம் அப்படி வந்தவை அல்ல, சூழலைச் சரியாக அமைத்ததால் வந்தவை என்பதே என் கணிப்பு.

கசடைக் கொட்டாமல் வைத்திருந்ததன் விளைவு

அதற்குச் சிறந்த சான்று 1914ஆம் ஆண்டு கிடைத்தது. மான்செஸ்டர் நகரின் டேவிஹல்ம் கழிவுநீர் நிலையத்தில் பணியாற்றிய எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் ஆகிய வேதியியலாளர்கள் கழிவுநீரைப் புட்டிகளில் நிரப்பிக் காற்றை ஊதிப் பார்த்தனர். நீர் முழுமையாகத் தெளிய ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆயின. யாருக்கும் பயன்படாத வேகம் அது. ஆனால் அவர்கள் தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் படிந்த பழுப்புக் கசடை அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் புதிய கழிவுநீரை ஊற்றி மீண்டும் காற்றூதினர். ஒவ்வொரு முறையும் தேவைப்பட்ட நேரம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் சில வாரங்களின் வேலை ஒரே நாளுக்குள் முடியலாயிற்று. அதுவரை அகற்ற வேண்டிய குப்பையாகக் கருதப்பட்ட கசடுதான் வேலை செய்யும் உயிர்களின் தொகுப்பு என்பது அந்தப் புட்டிகளில் தெளிவாயிற்று. அவர்கள் அதைச் 'செயலூட்டிய கசடு' என்று அழைத்தனர். உலகின் பெரும்பாலான நகரக் கழிவுநீர் நிலையங்கள் இன்றும் இதன் ஏதாவதொரு வடிவத்தில்தான் இயங்குகின்றன.

இதிலுள்ள நுட்பம் ஒரு தொடக்க வாசகருக்கு மிக முக்கியமானது. நீர் தொட்டிக்குள் சில மணி நேரமே தங்குகிறது. கசடோ சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை தங்குகிறது. காற்றூதும் தொட்டியிலிருந்து வெளிவரும் கலவை அமைதியான இன்னொரு தொட்டிக்குப் போகிறது. அங்கே நுண்ணுயிர்கள் தாம் சுரக்கும் பசையால் ஒட்டிக்கொண்டு சிறு திரள்களாக அடியில் படிகின்றன. மேலே நிற்கும் தெளிந்த நீர் வழிந்து வெளியேற, படிந்த கசடு மீண்டும் முதல் தொட்டிக்கே திரும்புகிறது. தினமும் இதில் ஒரு பகுதி மட்டும் வெளியே எடுக்கப்படும். எடுக்கும் பகுதி எவ்வளவு என்பதே 'கசடு வயது' என்ற எண்ணைத் தீர்மானிக்கிறது. ஓர் உயிர் இரண்டாகப் பெருக எடுத்துக்கொள்ளும் காலத்தைவிடக் கசடு வயது குறைவாக இருந்தால், அந்த உயிர் பெருகுவதற்கு முன்பே வெளியேற்றப்பட்டுத் தொட்டியிலிருந்து மறைந்துவிடும். அதிகமாக இருந்தால் நிலைத்துவிடும். எந்த விதையையும் தூவாமல், வெளியேற்றும் குழாயைத் திருகுவதன் மூலமே யார் வாழ்வது என்று முடிவு செய்ய முடிகிறது.

திரள் சரியாகப் படியாவிட்டால் எல்லாம் வீண். நூலிழை போன்ற சில பாக்டீரியாக்கள் மிகுந்தால் கசடு பஞ்சுபோல் உப்பி, படியாமல் நீரோடு சேர்ந்து வெளியேறிவிடும். நிலையத்தை நடத்துவோர் பயப்படுவது பெரும்பாலும் இதற்குத்தான்.

இனி, போனது எங்கே என்று பார்ப்போம். காற்றுள்ள சூழலில் கரிமப் பொருளில் ஏறத்தாழ பாதி கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறுகிறது. மறுபாதி புதிய பாக்டீரியாக்களின் உடலாகிறது. நீர் தெளிந்துவிட்டது என்று மகிழும் அதே நேரத்தில், அகற்றப்பட வேண்டிய ஈரக் கசடு மலையாகக் குவிந்துகொண்டிருக்கிறது. கழிவுநீரில் வந்த கன உலோகங்களும், நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களும், எளிதில் சிதையாத பல வேதிப்பொருட்களும் அந்தக் கசடில்தான் ஒட்டிக்கொள்கின்றன. போதாக்குறைக்கு, காற்றை ஊதுவதற்கே நிலையத்தின் மின்செலவில் பாதி அல்லது அதற்கு மேலும் போகிறது. இத்துறையின் ஆய்வு பெரும்பாலும் இந்த இரண்டு செலவுகளைக் குறைக்கவே முயல்கிறது.

காற்றில்லாத வழி

ஆக்சிஜனே இல்லாமல் செய்தால் இரண்டு செலவுகளும் ஒருசேரக் குறையும். காற்றில்லாச் செரிமானத்தில் கரிமப் பொருள் நான்கு கைகள் மாறுகிறது. முதலில் ஒரு கூட்டம் மாவுப்பொருள், புரதம், கொழுப்பு போன்ற பெரிய மூலக்கூறுகளைச் சிறு துண்டுகளாக உடைக்கிறது. அடுத்த கூட்டம் அவற்றைப் புளிக்கவைத்து அமிலங்களாக்குகிறது. மூன்றாவது கூட்டம் அந்த அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றுகிறது. கடைசியாக, பாக்டீரியாக்களிலிருந்து முற்றிலும் வேறுபட்ட ஆர்க்கியா என்னும் குடும்பத்தைச் சேர்ந்த உயிர்கள் அவற்றிலிருந்து மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன.

உணவிலிருந்த ஆற்றலின் பெரும்பகுதி மீத்தேனுக்குள்ளேயே தங்கிவிடுவதால் இந்த உயிர்களுக்குக் கிடைப்பது சொற்பம். எனவே அவை அதிகம் பெருகுவதில்லை. பாதி அளவு உடலாக மாறிய இடத்தில் இங்கே பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் கசடாகிறது. கழிவின் ஆக்சிஜன் தேவையில் ஒரு கிலோவை நீக்கினால் அதிகபட்சம் 0.35 கன மீட்டர் மீத்தேன் கிடைக்கும். அதை எரித்து வெப்பமோ மின்சாரமோ பெறலாம். கழிவுநீர் நிலையங்களின் கசடும், உணவுக் கழிவும், கால்நடைச் சாணமும் இப்போது பெரிய மூடிய தொட்டிகளில் இப்படியே செரிக்கப்படுகின்றன.

இவ்வளவு நன்மை இருந்தும் இந்த முறை எல்லா இடத்தையும் பிடிக்காததற்குக் காரணம், அந்த நான்கு கூட்டங்களின் வேகம் ஒன்றாக இல்லாததுதான். அமிலம் உண்டாக்குவோர் வேகமானவர்கள். மீத்தேன் உண்டாக்குவோர் மெதுவானவர்கள், அத்துடன் அமிலத்தைத் தாங்காதவர்கள். ஒருநாள் திடீரென்று அதிக உணவைக் கொட்டினால் அமிலம் குவிந்து, நடுநிலைக்கு அருகில் இருக்க வேண்டிய தொட்டியின் அமில-காரத் தன்மை சரிந்து, மீத்தேன் கூட்டம் முடங்கிவிடும். அதன்பின் அமிலத்தைத் தின்ன ஆளில்லாததால் நிலைமை மேலும் மோசமாகும். புளித்துப்போன தொட்டியை மீட்டெடுக்கப் பல வாரங்கள் பிடிக்கலாம். 35 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையும் தேவைப்படுவதால், குளிர்ந்த, நீர்த்த கழிவுநீருக்கு இந்த வழி நெடுங்காலம் பொருந்தாததாகவே கருதப்பட்டது. 1970களில் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் கட்சே லெட்டிங்கா குழுவினர் கீழிருந்து மேலாக நீரைச் செலுத்தும் தொட்டி ஒன்றை வடிவமைத்தனர். அந்த மேல்நோக்கிய ஓட்டத்தில், கனமற்ற திரள்கள் அடித்துச் செல்லப்பட, இறுகிய மணிகளாகத் திரண்ட உயிர்கள் மட்டும் உள்ளே நிலைத்தன. உணவு, குடிபானத் தொழிற்சாலைகளின் அடர்த்தியான கழிவுநீருக்கு இது விரைவில் பரவலாயிற்று.

மீத்தேன் கசிந்தால் கணக்கு தலைகீழாகும். நூறாண்டுக் காலத்தில் அது கார்பன் டை ஆக்சைடைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஆகவே தொட்டியின் மூடியும் குழாய் இணைப்பும் உள்ளிருக்கும் நுண்ணுயிர்கள் அளவுக்கே முக்கியமானவை. குப்பைமேடுகளும் இதே செரிமானத்தைத்தான் மூடியில்லாமல் செய்கின்றன. மட்கும் குப்பையைத் தனியே பிரித்து, காற்றோட்டத்துடன் உரமாக்கினால், குவியல் 55 முதல் 65 டிகிரி வரை தானே சூடேறி நோய்க்கிருமிகளைக் கொன்று, பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் போய், எஞ்சியது மண்ணுக்கு ஏற்றதாகிறது. ஈரம் மிகுந்து காற்று புகாத உரக்குவியல் மட்டும் மீண்டும் மீத்தேன் வழிக்கே போய்விடும்.

மணலின் மேல் ஒரு படலம்

குடிநீரைச் சுத்தப்படுத்துவதிலும் நுண்ணுயிர்களுக்குப் பங்கு உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மெதுமணல் வடிகட்டியில் நீர் மணிக்கு 10 முதல் 30 சென்டிமீட்டர் வேகத்தில் மணல் படுகையில் இறங்குகிறது. சில வாரங்களில் மணலின் மேற்பரப்பில் பாக்டீரியா, பாசி, ஒற்றைச் செல் விலங்குகள் அடங்கிய வழவழப்பான உயிர்ப்படலம் உருவாகி, கிருமிகளைப் பிடித்தும் தின்றும் அகற்றுகிறது. 1892இல் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி ஏறத்தாழ 8,600 பேர் இறந்தனர். எல்பே ஆற்று நீரை அந்நகரம் வடிகட்டாமல் வழங்கியது. அதை ஒட்டியிருந்த ஆல்டோனா நகரம், ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு வரும் அதே ஆற்று நீரை எடுத்தும், மணலில் வடிகட்டி வழங்கியதால் பெருமளவு தப்பியது. ஒரே தெருவின் இருபுறமும் நோயின் எல்லைக்கோடு தெரிந்தது என்பது பொதுச் சுகாதார வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் செய்தி.

நைட்ரஜன்: ஒரு குறுக்கு வழியின் கண்டுபிடிப்பு

கரிமப் பொருள் போன பின்னும் கழிவுநீரில் அம்மோனியா எஞ்சியிருக்கும். அது மீன்களுக்கு நஞ்சு. ஏரியில் பாசி பெருகவும் காரணம். வழக்கமான முறையில் இதற்கு இரண்டு படிகள் உண்டு. முதல் படியில் ஒருவகை பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறுவகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு நாலரை கிராமுக்கு மேல் ஆக்சிஜன் இதற்குத் தேவை. இந்த உயிர்கள் மெதுவாக வளர்பவை என்பதால், கசடு வயதைக் கூட்டினால்தான் நிலைக்கும். இங்கேயே நிறுத்திவிட்டால் அம்மோனியா நைட்ரேட்டாக உருமாறியிருக்கிறதே தவிர, நைட்ரஜன் நீரிலேயே இருக்கிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் வழிகாட்டுவதற்குக் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போவதே காரணம். எனவே இரண்டாம் படியில் காற்றை நிறுத்தி, கரிம உணவு கொடுத்து, நைட்ரேட்டிடம் எலக்ட்ரான்களை ஒப்படைக்கும் உயிர்களைக் கொண்டு அதை நைட்ரஜன் வாயுவாக்குகின்றனர். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு இருப்பதும் அந்த வாயுதான் என்பதால், போய்ச் சேரும் இடம் பாதுகாப்பானது.

ஆஸ்திரிய அறிவியலாளர் எங்கல்பெர்ட் ப்ரோடா 1977இல் ஆற்றல் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கேள்வியை எழுப்பினார். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் நேரடியாக இணைத்து நைட்ரஜன் வாயுவாக்கினால் ஆற்றல் கிடைக்கும். அப்படியிருக்க, அதைச் செய்து வாழும் உயிர் ஏன் இதுவரை தென்படவில்லை? நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டியில், காற்றில்லாத இடத்தில் அம்மோனியா காரணம் தெரியாமல் குறைவதை ஆய்வாளர் ஆர்னல்ட் முல்டர் கவனித்தபோது அதற்கு விடை கிடைக்கத் தொடங்கியது. வந்த நைட்ரஜனும் வெளியேறிய நைட்ரஜனும் பொருந்தவில்லை என்ற கணக்குக் குறைதான் கண்டுபிடிப்பின் வாசல். 1999இல் அந்த உயிர் அடையாளம் காணப்பட்டது. 'அனமாக்ஸ்' என்று இப்போது அழைக்கப்படும் அந்த வினையைச் செய்யும் பாக்டீரியா இரண்டாகப் பெருகுவதற்கு ஆய்வகத்தில் பதினொரு நாட்கள் எடுத்துக்கொண்டது.

பாதி அம்மோனியாவை நைட்ரைட்டாக்கினாலே போதும் என்பதால் காற்றூதும் தேவை ஏறத்தாழ 60 விழுக்காடு குறைகிறது. கரிம உணவும் வேண்டியதில்லை. முழு அளவிலான முதல் தொட்டி 2002இல் ராட்டர்டாமில் இயங்கத் தொடங்கியது. உயிர்கள் போதுமான அளவு பெருகி அது முழுத்திறனை எட்ட மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அடுத்தடுத்த நிலையங்கள் அதன் கசடை விதையாகப் பெற்றதால் விரைவில் தொடங்க முடிந்தது. இதற்கிடையில் 2003இல் கருங்கடலின் ஆழத்திலும் இதே வினை நடப்பது தெரியவந்தது. தொழிற்சாலைத் தொட்டியில் தொடங்கிய விசாரணை கடல்களின் நைட்ரஜன் சுழற்சியைப் பற்றிய புரிதலையே மாற்றியது என்பது எனக்கு இத்துறையில் மிகவும் பிடித்த செய்தி. இன்றைய சவால், கசடிலிருந்து பிழியப்படும் வெதுவெதுப்பான, அம்மோனியா மிகுந்த நீரில் நன்றாக நடக்கும் இந்த வினையை, குளிர்ந்த, நீர்த்த முதன்மைக் கழிவுநீரிலும் நிலைக்கச் செய்வது.

இந்தப் பாதைகள் அனைத்திலும் ஓர் ஓட்டை உண்டு. காற்று போதாமலோ உணவு குறைந்தோ வினை நடுவில் தடைப்பட்டால், நைட்ரஜன் வாயுவுக்குப் பதிலாக நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறும். அது கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும் வாயு. நீரைச் சுத்தமாக்கும் நிலையமே வானத்தை அழுக்காக்காமலிருக்க, இந்த வாயுவைத் தொடர்ந்து அளந்து காற்றின் அளவை மாற்றும் முறைகள் இப்போது தீவிரமாக ஆராயப்படுகின்றன.

பாஸ்பரஸ் விஷயம் வேறு. அதற்கு வாயு வடிவில் தப்பிக்கும் வழி இல்லை. திடப்பொருளாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். காற்றில்லாத இடத்துக்கும் காற்றுள்ள இடத்துக்கும் கசடை மாறி மாறி அனுப்பினால், பாஸ்பேட்டைத் தன் உடலுக்குள் சேமித்துவைக்கும் பாக்டீரியாக்கள் போட்டியில் வெல்கின்றன. சாதாரணக் கசடின் உலர் எடையில் 2 விழுக்காட்டை ஒட்டியிருக்கும் பாஸ்பரஸ் இந்தக் கசடில் 5 விழுக்காட்டையும் தாண்டும். அதிலிருந்து ஸ்ட்ரூவைட் என்ற படிகமாகப் பிரித்து உரமாக்க முடியும்.

எளிதில் மசியாத பொருட்கள்

மனிதர் புதிதாகத் தயாரித்த பொருட்களை உடைக்கும் வழி நுண்ணுயிர்களிடம் பல நேரங்களில் இருப்பதில்லை. இருந்தாலும் பாதி வழியில் நின்றுவிடுவது உண்டு. உலோகங்களையும் துணிகளையும் சுத்தம் செய்யப் பயன்பட்ட டெட்ராகுளோரோ எத்திலீன் என்ற கரைப்பான் பல நாடுகளில் நிலத்தடி நீரில் இறங்கியிருக்கிறது. 1997இல் விவரிக்கப்பட்ட ஒரு பாக்டீரியா, இன்று டிஹாலோகாக்காய்டிஸ் என்ற பேரினத்தில் வைக்கப்படுவது, அதிலுள்ள குளோரின் அணுக்களை ஒவ்வொன்றாக நீக்கித் தீங்கற்ற எத்திலீன் வரை கொண்டுபோகிறது. ஆனால் அந்த உயிரோ அதற்குத் தேவையான நொதியோ இல்லாத இடத்தில், வேறு பாக்டீரியாக்கள் தொடங்கிவைத்த வேலை வினைல் குளோரைடில் நின்றுவிடக்கூடும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். முதலில் இருந்த நஞ்சு நூறு விழுக்காடு நீங்கியது என்று ஓர் அறிக்கை உண்மையாகவே சொல்ல முடியும். கிணற்று நீரோ முன்பைவிட ஆபத்தானதாகியிருக்கும்.

எண்ணெய்க் கசிவில் வேறுவிதமான பாடம் கிடைத்தது. அமெரிக்காவில் பணியாற்றிய நுண்ணுயிரியலாளர் ஆனந்த சக்ரவர்த்தி 1970களின் தொடக்கத்தில் பல வகை எண்ணெய்க் கூறுகளை உடைக்கவல்ல பாக்டீரியா ஒன்றை உருவாக்கினார். அதற்குக் காப்புரிமை தரலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. சட்ட வரலாற்றில் அது பெரிய திருப்பம். ஆனால் அந்த பாக்டீரியா கடலில் பயன்படுத்தப்படவே இல்லை. 1989இல் எக்சான் வால்டீஸ் கப்பல் அலாஸ்கா கடற்கரையில் எண்ணெயைக் கொட்டியபோது, அங்கே ஏற்கெனவே வாழ்ந்த எண்ணெய் தின்னும் உயிர்களுக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் கலந்த உரம் இடப்பட்டது. உணவு குவிந்து கிடந்தும் உடலைக் கட்ட இந்தச் சத்துகள் இல்லாமல் தவித்த உயிர்களுக்கு அதுவே உதவிற்று.

பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா பற்றிய செய்திகளையும் இதே கேள்வியோடு படிக்கலாம். ஜப்பானின் சகாய் நகரில் மறுசுழற்சி நிலையம் ஒன்றை ஒட்டிக் கண்டெடுக்கப்பட்ட ஐடியோனெல்லா சகாயென்சிஸ், 30 டிகிரியில், குடிநீர்ப் புட்டிகள் செய்யப் பயன்படும் பெட் பிளாஸ்டிக்கின் மெல்லிய படலத்தை ஆறு வாரங்களில் ஏறத்தாழ முழுவதும் உடைத்ததாக 2016இல் அறிவிக்கப்பட்டது. 2020இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், இலைகள் மட்கும் உரக்குவியலிலிருந்து பெறப்பட்ட வேறொரு நொதியை மாற்றியமைத்து, 72 டிகிரியில் 10 மணி நேரத்தில் 90 விழுக்காடு உடைத்துக் காட்டினர். கிடைப்பவை பெட் தயாரிக்கும் அதே மூலப்பொருட்கள் என்பதால் போய்ச் சேரும் இடம் தெளிவானது. ஆனால் இது தொழிற்சாலைக்குள் நடக்கும் மறுசுழற்சி. புட்டிகளைப் பொடியாக்கி, அவற்றின் இறுகிய படிக அமைப்பைத் தளர்த்திய பின்பே நொதி வேலை செய்கிறது. குப்பையில் பெரும்பங்கான பாலிஎத்திலீனிலும் பாலிபுரோப்பிலீனிலும் நொதி வெட்டுவதற்கு வாகான பிணைப்பே இல்லை. கடலில் தூவிவிட்டால் பிளாஸ்டிக்கைத் தின்று தீர்க்கும் உயிர் என்பது இப்போதைக்குக் கற்பனைதான்.

மருந்துப் பொருட்களில் சில, வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமசெபீன் போன்றவை, செயலூட்டிய கசடைக் கடந்து ஏறக்குறைய அப்படியே வெளியேறுகின்றன. ஸ்விட்சர்லாந்து 2016 முதல் குறிப்பிட்ட நிலையங்களில் ஓசோனையோ செயலூட்டிய கரியையோ கூடுதல் படியாகக் கட்டாயமாக்கியது. நுண்ணுயிர் முடிக்காததை வேதியியல் முடிக்கட்டும் என்ற அந்த முடிவு நேர்மையானது.

முடிவை எப்படி உறுதிசெய்கிறார்கள்

ஒரு குடுவையில் சாயக் கழிவை ஊற்றி பாக்டீரியாவைச் சேர்த்து, இரண்டு நாளில் நிறம் போய்விட்டது என்று காட்டும் ஆய்வுகள் ஏராளம். நிறம் போனதற்குக் குறைந்தது மூன்று விளக்கங்கள் உண்டு. சாயம் பாக்டீரியாவின் உடலில் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கலாம். நிறத்துக்குக் காரணமான பிணைப்பு மட்டும் அறுந்து மூலக்கூறின் எஞ்சிய பகுதிகள் நீரில் இருக்கலாம். அல்லது உண்மையிலேயே முழுவதும் சிதைந்திருக்கலாம். துணிகளில் மிகுதியாகப் பயன்படும் அசோ சாயங்களில் இரண்டாவது விளக்கம் அடிக்கடி உண்மையாகிறது: காற்றில்லாத சூழலில் நிறம் விரைவாக மறையும், ஆனால் நிறமற்ற அரோமாட்டிக் அமீன்கள் எஞ்சும். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. பிறகு காற்றுள்ள தொட்டி ஒன்றும் தேவைப்படுவது அவற்றை உடைக்கத்தான்.

இவற்றைப் பிரித்தறிய ஆய்வாளர்கள் முதலில் செய்வது, அதே அளவு பாக்டீரியாவைக் கொன்று இன்னொரு குடுவையில் வைப்பது. செத்த உயிர்களும் அதே அளவு நிறத்தை எடுத்தால் அது வெறும் ஒட்டல். அடுத்து, உடைக்கப்பட வேண்டிய பொருளிலுள்ள கார்பன் அணுக்களைக் கதிரியக்க கார்பன்-14 ஆகவோ, கனமான கார்பன்-13 ஆகவோ மாற்றித் தயாரித்து, அந்த அடையாளமிட்ட கார்பனில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடாக வெளிவந்தது, எவ்வளவு செல்லுக்குள் போனது, எவ்வளவு நீரில் எஞ்சியது என்று மூன்றையும் கூட்டிப் பார்க்கின்றனர். கூட்டல் நூறுக்கு அருகில் வராவிட்டால், எங்கோ ஒரு பொருள் கண்ணில் படாமல் நிற்கிறது. வேலை செய்தது எந்த உயிர் என்பதை அறிய, தொட்டியிலுள்ள டி.என்.ஏ. முழுவதையும் ஒருசேரப் படிக்கின்றனர். இந்த உயிர்களில் பெரும்பாலானவற்றை ஆய்வகத் தட்டில் தனியே வளர்க்க முடிவதில்லை என்பதால் இந்த வழி வருவதற்கு முன் அவை இருப்பதே தெரியாமல் இருந்தது.

கார்பன் கணக்கு சரியாக வந்த பிறகும், அளவில் மிகச் சிறிய, பெயர் தெரியாத ஒரு விளைபொருள் நஞ்சாக இருக்க வாய்ப்பு உண்டு. வேதியியல் கருவி தேடச் சொன்னதை மட்டுமே தேடும். அதனால் சுத்திகரித்த நீரில் டாஃப்னியா என்னும் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் சிறு நீருயிர்களை விட்டு, 48 மணி நேரத்துக்குப் பிறகு எத்தனை இன்னும் நீந்துகின்றன என்று எண்ணுவது, எல்லா அளவீடுகளும் முடிந்த பின்னரும் கைவிடப்படாத ஒரு சோதனையாக இருந்துவருகிறது.